நோயாளிக்குக் கற்றுத்தரும் இல்லச் செவிலியர் சேவை: மூன்று மாதத்துக்குப் பின் ஒரு மதிப்பீடு

என் தாயாருக்கு 71 வயது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் இருந்துவந்தன. சில மாதங்களுக்கு முன், இதயம் போதிய அளவு இரத்தத்தை இறைக்க முடியாமல் போகும் இதயச் செயலிழப்பும் சேர்ந்துகொள்ள, மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் சேர்த்து, ஒன்பது நாள் கழித்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். கையில் கொடுத்தனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரியில் 11 மருந்துகள் இருந்தன. எதை எப்போது, உணவுக்கு முன்னா பின்னா, எதை நிறுத்தினால் ஆபத்து என்பதையெல்லாம் புறப்படும் அவசரத்தில் ஏழெட்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார்கள். நாங்களும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டோம். வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தபோதுதான் எதுவும் மனத்தில் நிற்கவில்லை என்பது தெரிந்தது. அந்தத் தவிப்பில்தான், நாள்பட்ட நோயாளிகளுக்குத் தங்கள் நோயையும் மருந்தையும் தாமே கவனித்துக்கொள்ளக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லும் ஓர் இல்லச் செவிலியர் சேவையை மூன்று மாதத்துக்கு அமர்த்தினோம். குறைகளையும் எழுத இருப்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதுபோன்ற சேவை எங்கு கிடைத்தாலும் அதில் எதைப் பார்க்க வேண்டும் என்று தேடுகிறவர்களுக்கு இந்த அனுபவம் உதவக்கூடும்.

முதல் நான்கு வாரம் வாரத்துக்கு இரண்டு வருகை, பின்னர் எட்டு வாரம் வாரத்துக்கு ஒன்று, ஆக மொத்தம் 16 வருகைகள். ஒவ்வொன்றும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை. தேவைப்பட்டால் அழைக்க ஒரு தொலைபேசி எண், கைபேசியில் ஒரு செயலி, ஒரு கையேடு ஆகியவையும் உண்டு. நாங்கள் செய்த முதல் தவறு, செவிலியர் வருகிறார் என்றால் ஊசி போட்டு, மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார் என்று எதிர்பார்த்ததுதான். வந்தவர் முதல் நாள் ஊசியைத் தொடவே இல்லை. என் தாயாரின் கையில் கொடுத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு, "ஊசி போடக்கூடத் தெரியாத சிஸ்டரையா பிடித்து வந்திருக்கிறாய்?" என்று தாயாரிடமிருந்து எனக்கு வசவு விழுந்தது. பராமரிப்பு வேறு, கற்பித்தல் வேறு என்பதை நிறுவனம் ஒப்பந்தத்தின்போதே வாயால் விளக்கியிருக்கலாம். எழுத்தில் இருந்தது என்பது உண்மை, ஆனால் அது நான்காம் பக்கத்தில் இருந்தது. விளம்பரத் தாளில் இதைப் புத்தம் புதிய முயற்சி என்று போட்டிருந்ததைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வில்லியம் ராத்போன் என்ற வணிகர், நோயுற்ற தன் மனைவியைப் பார்த்துக்கொண்ட செவிலியரையே 1859-இல் ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கிய காலத்திலிருந்தே, வீடு தேடி வரும் செவிலியரின் வேலையில் கற்றுக்கொடுப்பதும் ஒரு பாகம்தான்.

முதல் வருகையில் பெரும்பகுதி நேரம் மருந்துகளை ஒன்றுசேர்ப்பதிலேயே போயிற்று. மருத்துவமனை கொடுத்தவற்றை மட்டும் பார்க்காமல், வீட்டில் எங்கெங்கு மருந்து இருக்கிறதோ அவ்வளவையும் மேசைமேல் கொட்டச் சொன்னார்: பழைய டப்பா, அலமாரி, குளிர்சாதனப் பெட்டியின் கதவு, கைப்பை. பிறகு ஒவ்வோர் அட்டையையும் எடுத்து, பெரிய எழுத்தில் அச்சிட்ட வணிகப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே எறும்பெழுத்தில் இருக்கும் மூலப்பொருளின் பெயரை என் தாயாரையே உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படிக்கச் சொன்னார். ஆறாவது அட்டையில் விஷயம் வெளிப்பட்டது. இரத்த அழுத்தத்துக்காகப் பல ஆண்டுகளாகப் போட்டுவந்த அம்லோடிபின் 5 மில்லிகிராம் மாத்திரை ஒரு பக்கம். மருத்துவமனை புதிதாகக் கொடுத்த, டெல்மிசார்டன் என்ற இன்னோர் இரத்த அழுத்த மருந்தும் அம்லோடிபினும் சேர்ந்த கூட்டு மாத்திரை மறுபக்கம். புதியதற்கு வேறு பெயர், வேறு நிறம் என்பதால் என் தாயார் இரண்டையுமே விடாமல் போட்டுக்கொண்டிருந்தார். ஒரே மருந்து இரட்டிப்பு அளவில் உள்ளே போய்க்கொண்டிருந்தது. கணுக்காலில் இருந்த வீக்கத்தை நாங்கள் இதயத்தின் கணக்கில் எழுதியிருந்தோம். அம்லோடிபினின் அளவு கூடினால் கணுக்கால் வீங்குவது அந்த மருந்தின் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. செவிலியர் எதையும் தானாக நிறுத்தவில்லை; எங்கள் முன்னாலேயே மருத்துவரை அழைத்துச் சொன்னார், மருத்துவர் பழைய தனி மாத்திரையை நிறுத்தச் சொன்னார், இரண்டு வாரத்தில் வீக்கம் பாதியாகக் குறைந்தது. இந்தச் சேவை இந்த ஒரு வருகையோடு நின்றிருந்தால்கூட நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

அடுத்து வந்தது கற்பிக்கும் முறை. உலக சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்த நாடுகளிலேயே நாள்பட்ட நோயாளிகளில் சராசரியாகப் பாதிப்பேர்தான் சொன்னபடி மருந்து எடுத்துக்கொள்கிறார்கள். இதைப் பிடிவாதம், அலட்சியம் என்று நாம் சொல்லிவிடுகிறோம். பல வேளைகளில் அது புரியாமை, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வது. எங்களுக்கு வந்த செவிலியர் "புரிந்ததா?" என்ற கேள்வியை மூன்று மாதத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கு எல்லோரும் "புரிந்தது" என்றுதான் சொல்வார்கள். மாறாக, "நான் தெளிவாகச் சொன்னேனா என்று எனக்குத் தெரிய வேண்டும் அம்மா, நாளைக்கு உங்கள் தங்கை கேட்டால் இந்த மாத்திரையைப் பற்றி என்ன சொல்வீர்கள்?" என்று கேட்பார். சொல்வதில் எங்கே தடுமாற்றம் வருகிறதோ அங்கிருந்து மீண்டும் தொடங்குவார். ஒரு வருகையில் இரண்டு விஷயத்துக்கு மேல் எடுப்பதே இல்லை.

இதில் இடைஞ்சலாக இருந்தது நான்தான். தாயாரிடம் கேட்ட கேள்விக்கு முந்திக்கொண்டு நான் பதில் சொல்வதும், அவர் ஒரு நொடி யோசித்தால் எடுத்துக்கொடுப்பதுமாக இருந்தேன். மூன்றாவது வருகையில், "சார், நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் சர்க்கரை இறங்கினால் அம்மாதானே பார்த்துக்கொள்ள வேண்டும்? கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்" என்று சொல்லி என்னைச் சன்னல் ஓரத்துக்கு அனுப்பிவிட்டார். முகம் சுண்டிப்போனாலும், அன்றுதான் என் தாயார் முதல்முறையாகத் தன் மருந்துகளில் ஏழின் பெயரையும் வேலையையும் தன் சொற்களில் சொன்னார். சிறுநீர் மாத்திரையான ஃப்யூரோசமைடை "உடம்பில் தேங்கிய தண்ணீரை இறைக்கிற மாத்திரை" என்றார். இதயத்துடிப்பை நிதானப்படுத்தும் பைசோப்ரோலாலை "ஓடுகிற மாட்டுக்கு மூக்கணாங்கயிறு" என்றார். செவிலியர் அந்தச் சொற்களையே மருந்துப் பட்டியலில் தலைப்பாக எழுதிவைத்தார்.

இன்சுலின் பாடத்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் பதினோரு ஆண்டாக இன்சுலின் போடுகிற வீட்டில் இதற்கு மேல் கற்க ஒன்றுமில்லை என்றே நினைத்திருந்தோம். என் தாயார் பேனா வடிவ ஊசிக் கருவி வழியாக, வேகமாகவும் மெதுவாகவும் வேலைசெய்யும் இரு வகை சேர்ந்த கலவை இன்சுலின் போட்டுக்கொள்பவர். போட்டுக்காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த செவிலியர், முதல் தடவை ஒன்றும் சொல்லவில்லை. குறிப்பேட்டில் ஆறு வரி எழுதினார். கலவை இன்சுலின் நின்ற இடத்தில் அடியில் படிந்துவிடும் என்பதால் பேனாவை உள்ளங்கைகளுக்கிடையே பத்து முறை உருட்டி, பத்து முறை மேலும் கீழும் சாய்த்து, சீரான வெண்மையாகும்வரை கலக்க வேண்டும். என் தாயார் அப்படியே எடுத்துக் குத்திக்கொண்டிருந்தார். ஊசியில் காற்று இல்லை என்று உறுதிசெய்ய முதலில் 2 யூனிட்டை வெளியே செலுத்திப் பார்க்க வேண்டும். வீணாகிறது என்று அதையும் விட்டிருந்தார். பொத்தானை அழுத்தியவுடன் ஊசியை உருவிவிடுவார். பத்து எண்ணும்வரை வைத்திருக்காவிட்டால் மருந்தில் ஒரு பகுதி தோலின் மேல் துளியாக நின்றுவிடுகிறது. ஒரே ஊசியை நான்கு நாள் வைத்திருந்தார். பேனாவை முதன்முதலில் பயன்படுத்திய தேதியை எங்கும் குறிக்கவில்லை. திறந்த பேனாவை அறை வெப்பத்தில் எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பது வகைக்கு வகை மாறும், பலவற்றுக்கு அது 28 நாள்.

இவை திருத்தக்கூடியவை. ஆறாவது வரிதான் கனமானது. செவிலியர் தொப்புளின் இருபுறமும் விரல்நுனியால் தடவிப் பார்த்தார். கோலிக்குண்டு அளவில் இரண்டு கட்டிகள், கண்ணுக்குத் தெரியாமல் கைக்கு மட்டும் அகப்படுபவை. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் குத்துவதால் தோலுக்கடியில் கொழுப்புத் திரண்டு இப்படி ஆகிறது. அந்த இடத்தில் உணர்ச்சி மழுங்கிவிடுவதால் வலிக்காது. வலிக்காததால் நோயாளி அங்கேயே குத்துவார். குத்தக் குத்தக் கட்டி வளரும். அந்தத் திரளுக்குள் போகும் இன்சுலின் ஒரு நாள் மெல்ல, ஒரு நாள் சடக்கென்று, ஒழுங்கில்லாமல் இரத்தத்தில் கலக்கும். இரண்டு ஆண்டாகச் சர்க்கரை அளவு ஏறி இறங்கியதற்கு நாங்கள் என்னென்னவோ காரணம் தேடினோம். காரணம் விரலுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று இத்தனை ஆண்டில் யாருக்கும் தோன்றவில்லை.

சாதாரணச் செவிலியராக இருந்தால் "இனி இடம் மாற்றிப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். இவர் அப்படிச் சொல்லவில்லை. நல்ல தோலில் போடத் தொடங்கினால் மருந்து முழுமையாக ஏறும், பழைய அளவே அதிகமாகிச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம் என்று விளக்கி, முதலில் மருத்துவரிடம் பேசினார். மருத்துவர் காலை அளவை 20 யூனிட்டிலிருந்து 17-ஆகக் குறைத்து, முதல் வாரம் கூடுதலாகச் சோதிக்கச் சொன்னார். பிறகு வயிற்றை நான்கு கட்டமாகப் பிரித்து வாரத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒவ்வொரு குத்துக்கும் ஒரு விரல் இடைவெளி என்று ஒரு படம் வரைந்து கொடுத்தார். கையேட்டின் 34 பக்கத்தில் எங்கும் இல்லாத அந்தப் படம் இப்போதும் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறது.

சர்க்கரை இறங்கும்போது செய்ய வேண்டியதையும் வெறும் விதியாகச் சொல்லித்தரவில்லை. 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் 15 கிராம் அளவுக்கு விரைவாகச் சேரும் சர்க்கரையை உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்து, ஏறவில்லையென்றால் திரும்பவும் செய்வது என்பது பலருக்கும் தெரிந்ததுதான். எங்களுக்குத் தெரியாதிருந்தது வேறு. சர்க்கரை இறங்குவதை என் தாயார் நெஞ்சுப் படபடப்பை வைத்தே கண்டுகொள்வார். இதயத்துக்காகப் புதிதாகச் சேர்த்த பைசோப்ரோலால் வகை மருந்துகள் அந்தப் படபடப்பை அமுக்கிவிடும். "இனிமேல் நெஞ்சு சொல்லாது அம்மா, வியர்வைதான் சொல்லும்" என்று செவிலியர் சொன்ன அந்த ஒரு வாக்கியம், இரு வேறு நோய்களுக்கு இரு வேறு மருத்துவர்கள் எழுதிய மருந்துகளை ஒரே உடம்பில் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவருடையது. ஐந்தாவது வாரத்தில் ஒரு பின்மாலை, காரணமில்லாமல் பிடரி நனைந்தபோது என் தாயார் தாமாகவே எழுந்து சோதித்துப் பார்த்தார், 62 இருந்தது.

இதயத்துக்கான பாடம் எடைபார்ப்பதில் தொடங்கியது. காலையில் எழுந்து, கழிவறை போய்வந்து, எதையும் உண்பதற்கு முன், ஏறத்தாழ ஒரே மாதிரியான உடையில், ஒரே கருவியில் பார்க்க வேண்டும். கருவியைத் தரைவிரிப்பின் மேல் வைக்காமல் கெட்டித் தரையில் வைக்க வேண்டும். எங்கள் மருத்துவர் வகுத்தபடி, ஒரே நாளில் 1 கிலோவுக்கு மேலோ ஒரு வாரத்தில் 2 கிலோவுக்கு மேலோ ஏறினால் அது சதை போட்டதன்று, நீர் தேங்கியது. 1 லிட்டர் நீருக்கு 1 கிலோ எடை என்ற எளிய கணக்கு. கால் வீங்குவதற்கும் மூச்சு வாங்குவதற்கும் பல நாள் முன்னதாகவே எடை இதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதுதான் தினமும் பார்ப்பதன் பயன். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டையிட்ட ஒரு தாள் கொடுத்தார்கள். பச்சையில் வழக்கம்போல் இருக்கலாம்; மஞ்சளில் எடை ஏற்றம், புதிய வீக்கம், கூடுதல் தலையணை வைத்தால்தான் தூக்கம் என்பன, அன்றே மருத்துவரை அழைக்க; சிவப்பில் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், உடனே அவசர ஊர்தி. இதுபோன்ற தாள்கள் பல இடங்களில் கொடுக்கப்படுகின்றன. இங்கே வேறுபாடு என்னவென்றால், செவிலியர் அதைக் கொடுத்துவிட்டுப் போகாமல், "இன்று வெள்ளிக்கிழமை இரவு, மணி பத்து, எடை ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறது, யாருக்கு அழைப்பீர்கள், என்ன சொல்வீர்கள்?" என்று ஒத்திகை பார்த்தார். கைபேசியில் அந்த எண்ணைத் தேடி எடுப்பதுவரை.

இரத்த அழுத்தம் பார்க்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து அமர்ந்து, பாதங்களைத் தரையில் பதித்து, கையை நெஞ்சின் மட்டத்தில் தாங்கவைத்து, பேசாமல் இருந்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் கைப்பட்டை சிறியது. சிறிய பட்டை உண்மை அளவைவிடக் கூடுதலாகக் காட்டும். பட்டையை மாற்றி, தொலைக்காட்சியை அணைத்ததிலேயே அளவு ஓரளவு இறங்கியது. மருந்து கூட்ட வேண்டுமோ என்று மருத்துவர் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது.

கையேடும் செயலியும் இந்தச் சேவையின் பலவீனமான பகுதிகள். கண்ணில் புரை வளரும் வயதில் இருப்பவர்களுக்கான கையேட்டை இவ்வளவு சிறிய எழுத்தில் யார் அச்சிடுவார்கள் என்று தெரியவில்லை. செயலி நாளுக்கு நான்கு முறை மணியடித்தது. இரண்டாம் வாரமே என் தாயார் கைபேசியைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டார். மாறாக, செவிலியர் சொல்லித்தந்த உத்தி, ஒவ்வொரு வேளை மருந்தையும் நாள்தோறும் எப்படியும் செய்யும் ஒரு காரியத்தோடு கட்டிவிடுவது: பல் துலக்கியதும் ஒன்று, கதவைத் தாழிடும்போது ஒன்று. வாரத்துக்கான 28 அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டியை நிரப்புவதையும் தாயாரே செய்ய, அவர் பார்த்துக்கொண்டிருப்பார். மெதுவாகக் கரையும் வகை மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை பெரிதாக இருக்கிறதென்று உடைத்துப் போடும் பழக்கம் அப்படித்தான் பிடிபட்டது. உடைத்தால் பல மணி நேரத்தில் மெல்ல இறங்க வேண்டியது ஒரேயடியாக இறங்கிவிடும். தவறவிட்ட வேளைக்கு ஈடாக அடுத்த வேளை இரண்டாகப் போடக்கூடாது என்பதையும் அந்தப் பெட்டியை வைத்தே சொல்லிக்கொடுத்தார்.

இனி மனக்குறைக்கு வருகிறேன். ஏழாவது வாரத்தில் எங்களுக்கு வழக்கமாக வந்தவர் விடுப்பில் போனார். இரண்டு வருகைக்கு வேறொருவர் வந்தார். அவர்மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் எனக்கு இல்லை. ஒரு நாளில் அவருக்குக் கொடுத்திருந்த வீடுகளின் எண்ணிக்கையை அவர் முகமே சொன்னது. நின்றபடியே "எல்லா மருந்தும் ஒழுங்காகப் போடுகிறீர்களா அம்மா?" என்றார். "போடுகிறேன் சிஸ்டர்." "வேறு மருந்து ஏதாவது?" "இல்லை சிஸ்டர்." கைக்கணினியில் நான்கைந்து இடத்தில் குறியிட்டு, இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டார். கட்டணம் முழு வருகைக்கு.

அந்த வாரச் சனிக்கிழமை காலை, இரண்டு நாளில் எடை 1.8 கிலோ ஏறியிருந்தது. நிறுவனம் கொடுத்திருந்த எண்ணுக்கு நான் அழைத்தேன். இருபத்திரண்டு நிமிடம் இசை கேட்க வைத்துவிட்டு, நோயாளி எண்ணை இருமுறை கேட்டு, "திங்கட்கிழமை செவிலியர் உங்களைத் தொடர்புகொள்வார்" என்றார்கள். எந்நேரமும் உதவி என்று விளம்பரத் தாளில் போட்டிருந்த எண் அதுதான். நான் அந்தப் பக்கம் வாதாடிக்கொண்டிருக்கும்போதே, என் தாயார் மஞ்சள் பட்டையில் விரலை வைத்துப் படித்து, தன் கைபேசியில் மருத்துவரின் எண்ணுக்கு அழைத்து, நேற்றைய எடை, இன்றைய எடை, கால் வீக்கம், இரவில் வைத்த தலையணைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை வரிசையாகச் சொல்லி முடித்திருந்தார். பணியிலிருந்த மருத்துவர் ஃப்யூரோசமைடின் அளவை மூன்று நாளுக்கு உயர்த்தி, திங்கட்கிழமை சிறுநீரகச் செயல்பாட்டுக்கும் பொட்டாசியத்துக்கும் இரத்தச் சோதனை எழுதினார். மருத்துவமனையில் மறுபடி சேர்க்க நேரவில்லை. ஒரே சேவையின் மிக நல்ல பகுதியும் மிக மோசமான பகுதியும் ஒரே காலையில் அருகருகே நின்ற காட்சி அது.

எடை ஏன் ஏறியது என்பது வழக்கமான செவிலியர் திரும்பி வந்த பிறகே தெரிந்தது. அவர் மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை. "முழங்கால் எப்படி இருக்கிறது அம்மா? வலித்தால் என்ன செய்கிறீர்கள்?" என்றார். என் தாயார் எழுந்துபோய்த் தலையணைக்கடியிலிருந்து ஐபுபுரோஃபென் அட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டம்மா கொடுத்தது, பத்து நாளாக நாளுக்கு இரண்டு. "இதெல்லாம் மருந்தா சிஸ்டர்? வலிக்குத்தானே போடுகிறேன்." ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலிநிவாரணிகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேங்கச் செய்பவை, ஃப்யூரோசமைடின் வேலையைக் குறைத்துவிடுபவை, டெல்மிசார்டன் போன்ற மருந்தோடு சேரும்போது சிறுநீரகத்துக்கும் தீங்கு செய்யக்கூடியவை. இதயச் செயலிழப்பு உள்ளவர் தவிர்க்க வேண்டியவற்றில் முன்வரிசையில் இருப்பவை.

மாற்றாக வந்தவர் கேட்டதும் தவறான கேள்வி இல்லை, என் தாயார் சொன்னதும் பொய் இல்லை என்பதுதான் இதில் என்னை உறுத்தியது. அவருக்கு மருந்து என்றால் மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்தது. வலிக்குப் போடுவதும் தைலமும் சத்து மாத்திரையும் அந்தச் சொல்லுக்குள் வரவே வராது. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நான் புகழ்ந்து எழுதிய திருப்பிச் சொல்லவைக்கும் முறையும் இங்கே கோட்டைவிட்டிருக்கிறது. மூன்றாம் வாரத்திலேயே "கேட்காமல் வேறு மருந்து போடமாட்டேன்" என்று என் தாயார் தெளிவாகத் திருப்பிச் சொல்லியிருக்கிறார். குறிப்பேட்டில் பதிவும் இருக்கிறது. சொல் ஒன்றாகவே இருந்தது, இருவர் மனத்திலும் பொருள் வேறாக இருந்தது. செவிலியரே அதை ஒப்புக்கொண்டு, "நான் வலி மாத்திரை என்று பெயர் சொல்லிச் சொல்லியிருக்க வேண்டும்" என்றார். அன்று முதல் அவர் கேட்பது நோயைச் சார்ந்த கேள்விகள் மட்டுமே: வலித்தால் என்ன, தூக்கம் வராவிட்டால் என்ன, மலச்சிக்கல் வந்தால் என்ன, சளி பிடித்தால் என்ன. வலிக்கு, மருத்துவரைக் கேட்டு, பாராசிட்டமால் அளவோடு அனுமதிக்கப்பட்டது.

சனிக்கிழமை அழைப்பைப் பற்றி எழுத்தில் புகார் கொடுத்தேன். ஆறு நாள் கழித்து வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது; வார இறுதியில் ஒரு செவிலியரைப் பணியில் வைத்திருப்பதாகவும், அழைப்பை எடுப்பவர் அவருக்கு மாற்றத் தவறிவிட்டதாகவும் சொன்னார்கள். பிறகு இருமுறை வேண்டுமென்றே ஞாயிற்றுக்கிழமையில் அழைத்துப் பார்த்தேன். ஒருமுறை நான்கு நிமிடத்தில் செவிலியர் கிடைத்தார், மறுமுறை கிடைக்கவில்லை.

பாடத்திட்டத்தில் நான் கண்ட ஓட்டை ஒன்று உண்டு. வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து உடம்பில் நீர் வற்றும் நாளில் எந்த மருந்தை எடுக்கலாம், எதைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும் என்ற பகுதி அதில் இல்லவே இல்லை. மெட்ஃபார்மின், சிறுநீர் மாத்திரை, டெல்மிசார்டன் ஆகிய மூன்றும் ஒருசேர இருக்கும் ஒருவருக்கு அப்படிப்பட்ட நாளில் சிறுநீரகம் சட்டென்று பாதிக்கப்படலாம். இன்சுலினையோ, உண்ணவில்லை என்பதற்காக முற்றிலும் நிறுத்திவிடக் கூடாது, அளவைக் கேட்டுத் திருத்த வேண்டும். நான் கேட்ட பிறகே மருத்துவரிடம் எழுதி வாங்கி, மூன்றுவண்ணத் தாளின் பின்புறத்தில் ஒட்டினார்கள். இப்படியொரு சேவையை அமர்த்துபவர்கள் முதல் வாரத்திலேயே இதைக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

மருத்துவருக்கும் எங்களுக்கும் இடையில் அவர்கள் அனுப்பிய குறிப்புகள் செம்மையாக இருந்தன. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே பக்கத்தில் எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை, மாற்றிய மருந்துகள், நோயாளிக்கு இன்னும் விளங்காதவை என்று ஐந்து தலைப்பு. கடைசித் தலைப்பை வேறெந்த மருத்துவ அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை. அதைப் படித்துத்தான் மருத்துவர் மூன்று வேளை மருந்துகளில் இரண்டை ஒரே வேளைக்கு மாற்றிக் கொடுத்தார்.

தன் மருந்தைத் தானே எடுத்துக்கொள்ளும் அளவுக்கு நினைவும் கண்ணும் கையும் ஒத்துழைக்கிறவர்களுக்கு இந்தச் சேவை பொருந்தும். மறதி நோய் முற்றியவர்களுக்கும் படுக்கையோடு இருப்பவர்களுக்கும் இது போதாது. அங்கே கற்றுக்கொள்ள வேண்டியவர் பார்த்துக்கொள்பவர்தான், அதற்கான திட்டம் இந்த நிறுவனத்திடம் இப்போது இல்லை. ஒப்பந்தம் போடுமுன், வருகிற செவிலியர் மாறாமல் இருப்பாரா, அவருக்கு நாளுக்கு எத்தனை வீடு, வார இறுதியில் தொலைபேசியை எடுப்பவர் செவிலியரா அலுவலரா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்காமல் விட்டவை அவை.

மாதம் ஒரு வருகை என்ற கணக்கில் இன்னும் ஆறு மாதத்துக்கு நீட்டித்திருக்கிறோம். அதே செவிலியரே வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தரும்படி கேட்டேன். "இயன்றவரை" என்ற ஒரு சொல்லை முன்னால் சேர்த்துக் கையொப்பமிட்டு அனுப்பியிருக்கிறார்கள். என் தாயார் அந்தச் சொல்லின் கீழ் சிவப்பு மையால் கோடிட்டு, மூன்றுவண்ணத் தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறார்.